உங்கள் ஆய்வு யாருக்குப் பயன்பட்டது என்று சொல்ல ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. சேவையின் தரத்தைப் புள்ளியியல் முறையில் கண்காணிப்பது பற்றிய உங்கள் ஆய்வின் தாக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள், இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். அந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் உங்கள் ஆய்வால் பயன்பெற்றவர்களில் பலர் கட்டுரை எழுதுகிறவர்கள் இல்லை. அதனால் எந்த மேற்கோள் கணக்கிலும் வரமாட்டார்கள். வாடிக்கையாளர் சேவையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கும் நான் அவர்களில் ஒருத்தி.

எங்கள் வேலையில் எல்லாமே எண்தான். சராசரிக் காத்திருப்பு நேரம், முதல் அழைப்பிலேயே தீர்ந்த புகார்கள், வாடிக்கையாளர் கொடுத்த மதிப்பெண். போன மாதம் 4.2 ஆக இருந்தது இந்த மாதம் 4.1 ஆனால் உடனே கூட்டம், யார் சரியாகப் பேசவில்லை என்று விசாரணை. அடுத்த மாதம் அது தானாகவே 4.2க்குத் திரும்பும். கண்டித்ததால்தான் ஏறியது என்று முடிவு கட்டுவார்கள். எதுவுமே மாறாதபோதும் எண்கள் இப்படி ஏறி இறங்கும். எந்த அசைவுக்குக் காரணம் தேட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று பிரித்துப் பார்க்க 1924லேயே அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்ட்டர் ஷூஹார்ட் கண்ட்ரோல் சார்ட்டை வரைந்து கொடுத்துவிட்டார்: அளவுகளைப் புள்ளிகளாக வைத்து, மேலும் கீழும் எல்லைக்கோடு போட்டு, புள்ளி அதைத் தாண்டினால் மட்டும் காரணம் தேடுவது. தொழிற்சாலைகள் அதை எடுத்துக்கொண்டன. சேவைத் துறைக்கு வரும்போது பல இடங்களில் அதே எல்லைக்கோடுகளை அப்படியே தூக்கிவந்து வைத்துவிட்டார்கள்.

உங்கள் வேலை எனக்கு முக்கியமானது இங்கேதான். சராசரியிலிருந்து மூன்று சிக்மா (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவுதான் சிக்மா) தள்ளி எல்லை வைத்தால், இருபக்கமும் சமமாகப் பரவும் இயல்நிலைப் பரவலில் சராசரியாக 370 புள்ளிகளுக்கு ஒருமுறைதான் பொய் எச்சரிக்கை வரும். காத்திருப்பு நேரம் அப்படிப் பரவுவதில்லை. பெரும்பாலானவர்களுக்குக் குறைவு, சிலருக்கு மிக அதிகம். அது எக்ஸ்பொனென்ஷியல் என்ற ஒருபக்கம் சாய்ந்த பரவலாக இருந்தால், ஒவ்வொரு அழைப்பையும் ஒரு புள்ளியாக வைக்கும் சார்ட்டில் ஏறக்குறைய 55 புள்ளிகளுக்கு ஒன்று எல்லை தாண்டும், ஒரு தவறும் நடக்காமலே. கீழ் எல்லையோ பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். சேவை எவ்வளவு மேம்பட்டாலும் சார்ட் அதைச் சொல்லாது. அந்த ஒவ்வொரு பொய் எச்சரிக்கைக்குப் பின்னாலும் விளக்கம் கேட்கப்பட்ட ஒரு ஊழியர் இருக்கிறார். பரவலைப் பார்த்து எல்லையை வையுங்கள் என்று நீங்கள் திரும்பத் திரும்ப எழுதியதைப் படித்துத்தான் எங்கள் எல்லைக்கோடுகளை மாற்றினோம். அதன்பின் நடக்காமல் போன விசாரணைகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. உங்கள் ஆய்வின் தாக்கம் என்று நான் சொல்வது அவற்றைத்தான்.

மெல்லச் சரியும் தரத்தைப் பிடிப்பது இன்னொரு விஷயம். சேவை ஒரே நாளில் கெடுவது அபூர்வம். சராசரி ஒரு சிக்மா அளவு நகர்ந்தால் ஷூஹார்ட் சார்ட் அதைக் காட்டச் சராசரியாக 44 புள்ளிகள் ஆகும். 1959ல் ராபர்ட்ஸ் தந்த, பழைய புள்ளிகளையும் சேர்த்துப் புதியவற்றுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி பார்க்கும் ஈ.டபிள்யூ.எம்.ஏ. முறைக்குச் சுமார் பத்தே போதும். தினம் ஒரு புள்ளி என்றால் ஒரு மாதத்துக்கும் மேல் மிச்சம்! மருத்துவத்தில் இந்தத் தாமதம் உயிர் சம்பந்தப்பட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சையில் அளவுக்கு மீறி நடந்த மரணங்கள் பற்றிய விசாரணை அறிக்கை 2001ல் வந்தது. நோயாளியின் அபாய அளவையும் கணக்கில் எடுத்து, சின்னச் சின்ன விலகல்களைக் கூட்டிக்கொண்டே போகும் கியூசம் வகை முறைகளை அந்தத் தரவில் ஓட்டிப் பார்த்தவர்கள், எச்சரிக்கை முன்பே வந்திருக்கும் என்று காட்டினார்கள். இந்தத் துறை வெறும் கணிதம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

கருத்துக்கணிப்புகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1988ல் வந்த செர்வ்குவால் என்ற வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பு 22 கூற்றுகளையும் ஐந்து பரிமாணங்களையும் வைத்துச் சேவையை அளக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை அளந்தால் அது ஒரு புகைப்படம் மட்டுமே, கண்காணிப்பு ஆகாது. சில கேள்விகளை மட்டும் எடுத்துத் தொடர்ந்து கேட்டு, சார்ட்டில் வைப்பதே மேல் என்பது என் கருத்து.

சரி, ஒரு வேண்டுகோள். எல்லைக்கோட்டைக் கணக்கிட, ஐந்து ஐந்து அளவுகளாக எடுத்த 25 தொகுதிகள் போதும் என்ற பழக்கம் இருந்தது. 1993ல் புள்ளியியலாளர் கியூசன்பெரி அதற்கு 100 தொகுதிகள் வரை வேண்டும் என்று காட்டினார். சிறிய சேவை மையங்களில் அவ்வளவு தரவு சேர்வதற்குள் ஆட்கள், மென்பொருள், விதிகள் எல்லாம் மாறிவிடும். தரவு குறைவு, பரவலும் ஒருபக்கம் சாய்ந்தது என்றால் எல்லையை எப்படி வைப்பது? இதற்கு எக்செல் தெரிந்தவர் பயன்படுத்தும்படி ஒரு சின்ன அட்டவணையும் இரண்டு பக்க விளக்கமும் உங்கள் மாணவர்கள் யாராவது செய்து தர முடியுமா ஐயா? ஆய்விதழில் அதற்கு இடம் கிடைக்காது என்று தெரியும். வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டுக் காத்திருப்பு நேரத் தரவைத் தர எங்கள் மேலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எந்த வடிவத்தில் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி