ஆண்டறிக்கை 2024-25: குளம் ஏன் வெட்டல?

தலைவர் அண்ணாச்சி, பொருளாளர் அக்கா, சந்தா கட்டுனவங்க, இன்னும் கட்டாதவங்க எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்துல தவளை பாக்க ஒரு சங்கமான்னு சிரிச்சவங்களே இப்ப ராத்திரி மழை பேஞ்சா குரூப்ல வாய்ஸ் நோட் போட்டு இது எந்தத் தவளைன்னு கேக்காங்க, அந்த மட்டுக்கும் இது நல்ல வருஷம்தான்.

பிசான நெல்லு சாகுபடிக்கு தண்ணி விட்ட நேரத்துல வயக்காட்டுப் பக்கம் நடந்தோம். மஞ்சள் பூசுன உடம்பும் ரெண்டு பக்கமும் நீலமா உப்புன பையுமா கத்துச்சே பெரிய தவளை, அதைப் பாத்து இது ஏதோ வெளிநாட்டு வகைன்னு ஒரு தம்பி அடம்பிடிச்சான். நம்ம வயல் தவளைதான்பா அது, ஆண் தவளை இனப்பெருக்க நேரத்துல அப்படி கலர் மாறும். ஒரு காலத்துல இதைப் பிடிச்சு காலை மட்டும் வெட்டி ஐஸ்ல வச்சு கப்பல் ஏத்துனாங்க, பூச்சியைத் திங்குற ஜீவன் வயல்ல குறையுதுன்னு எதிர்ப்பு கிளம்பி 1987ல அந்த ஏற்றுமதிக்கு தடை வந்துச்சு.

இப்ப குளம் விஷயம். ஸ்பான்சர் கிடைச்சும் கமிட்டி ஏன் சிமெண்ட் குளம் கட்ட மாட்டேங்குதுன்னு பல பேருக்கு கோவம், எனக்குத் தெரியும். அண்ணாச்சி, நம்ம களக்காடு முண்டந்துறை மலையில இருக்குற புதர்த்தவளைங்களுக்கு குளமே வேண்டாம். ஈரமான சருகுக்குள்ளயோ இலையிலயோ முட்டை போடும், தலைப்பிரட்டையா நீந்துற கட்டமே கிடையாது, முட்டைக்குள்ளயே கால் முளைச்சு குட்டித் தவளையா வெளிய வரும். அதுல ஒரு பச்சைத் தவளை 136 வருஷம் யார் கண்ணுலயும் படாம இருந்து நம்ம மலையிலதான் திரும்ப கிடைச்சுது, 2011ல அறிவிச்சாங்க. அது ஈத்தையில, அதான் மலையில வளர்ற மூங்கில் வகை, ரெண்டு கணுவுக்கு நடுவுல இருக்குற சின்ன வெடிப்பு வழியா உள்ள நுழைஞ்சு அங்கயே முட்டை, ஆண்தான் கூட இருந்து காவல். அப்ப ஈத்தையை மொத்தமா வெட்டிட்டு கீழ ஒரு குளத்தைக் கட்டி வச்சா அந்தத் தவளை அங்க வந்து என்ன செய்யும் சொல்லுங்க. களக்காடு பேரையே தாங்குற பறக்கும் தவளைக்காவது தண்ணி வேணும், ஆனா அதுவும் தண்ணிக்கு மேல தொங்குற கிளையில நுரைக்கூடு கட்டி, குஞ்சு கீழ விழற மாதிரிதான் வைக்கும், கரையில மரம் இல்லாம மொட்டையா டைல்ஸ் ஒட்டுன தொட்டியில அதுக்கு என்ன வேலை. ஓடைத் தவளை வேற கதை, தண்ணி சத்தத்துல கத்துனா கேக்காதுன்னு ஆண் பின்னங்காலைத் தூக்கி ஆட்டிக் காட்டும். இந்த ஆடுற தவளைங்கள்ல மட்டும் 14 புது இனத்துக்கு 2014ல பேர் வச்சாங்க. ஓடை வத்திட்டா அதுக்கு மாத்து இடம் கிடையாது.

கொசுவுக்காக கம்பூசியா மீன் விடணும்னு ஸ்பான்சர் வேற கண்டிஷன் போட்டாரு. அது தலைப்பிரட்டையையும் சேத்துத்தான் திங்கும். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது, தீர்மானம் மினிட்ஸ்ல இருக்கு, வேணும்னா வந்து படிச்சுப் பாருங்க.

அதுக்குப் பதிலா செலவே இல்லாத வேலை ரெண்டு செஞ்சோம். தரைக்கிணத்துலயும் செங்குத்தா சிமெண்ட் பூசுன வாய்க்கால்லயும் விழுந்த தவளை ஏற முடியாமயே செத்துப்போவுது, அதனால தென்னை மட்டையை சாய்ச்சு போடச் சொல்லி வீடு வீடா கேட்டோம், சில பேர் போட்டாங்க, சில பேர் மட்டை அடுப்புக்கு வேணும்னாங்க, அதுவும் நியாயம்தான். அடுத்தது, வாழைக்கு மண்ணு கொத்தும்போது கிடைக்குற காலில்லாத ஜீவன். பாம்புக்குட்டின்னு மண்வெட்டியாலயே அடிச்சுடுறாங்க. உடம்பு முழுக்க வளையம் வளையமா, கண்ணு இருக்குறதே தெரியாம, தோலு ஈரமா வழவழன்னு இருந்தா அது சிசிலியன், தவளைக்கு ஒரு வகையில உறவு, மண்ணுக்குள்ள புழுவையும் கரையானையும் தின்னுட்டு கிடக்கும், யாரையும் ஒண்ணும் செய்யாது. இதுலயும் சில இனத்துல தாய் முட்டையைச் சுத்திச் சுருண்டு படுத்து காக்கும். போட்டோ போஸ்டர் அடிச்சு உரக்கடையில ஒட்டினோம், இந்த வருஷம் பண்ணதுலயே உருப்படியான காரியம் அதுதான்னு நான் சொல்லுவேன்.

மழை வேண்டி ஒரு ஊர்ல தவளைக் கல்யாணம் வச்சு நம்மளையும் கூப்பிட்டாங்க. போனோம், சாப்பாடு அருமை, பொண்ணு மாப்பிள்ளை ரெண்டுமே ஆண் தவளைன்னு யாரும் வாயைத் திறக்கல.

குறைன்னு பாத்தா ராத்திரி நடைக்கு வர்றவங்க ஃபிளாஷ் போட்டு தவளை மூஞ்சிக்கு நேரா போட்டோ எடுக்குறதை இன்னும் நிறுத்தல. மலைக்குள்ள போறதுன்னா வனத்துறை அனுமதி இல்லாம யாரும் சங்கத்துப் பேரைச் சொல்லி செக்போஸ்ட்ல நிக்காதீங்க, திட்டு எனக்கு விழுது.

கணக்கை பொருளாளர் அக்கா வாசிப்பாங்க. செயலாளர் பதவிக்கு யாராவது பேர் குடுக்குறதா இருந்தா டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடியே குடுத்துருங்க, போன தடவை எல்லாரும் டீக்கு எந்திரிச்சுப் போயி திரும்பி வராததாலதான் நான் மறுபடியும் செயலாளர் ஆனேன்.