எங்கள் வயலில் அளந்ததை எங்களுக்கும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக விவசாய மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வரும் விவசாயிகள்தான் என் வாடிக்கையாளர்கள்: போரதீவு, பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கத்து ஆட்கள். ஒரு பிடி நெற்பயிரை வேரோடு பிடுங்கி பொலித்தீன் பையில் கொண்டுவந்து மேசையில் வைத்து, "தம்பி, இதுக்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வேன். அந்தப் பதிலை நான் எங்கே படித்தேன் என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கம்பனிக்காரர் சொன்னது என்று உண்மையைச் சொல்லியிருப்பேன். மாதத்துக்கு இரண்டு தடவை மோட்டார் சைக்கிளில் வரும் விற்பனைப் பிரதிநிதிகள் நல்ல தமிழில், பெரிய எழுத்தில், வர்ணப் படம் போட்ட துண்டுப்பிரசுரம் தருவார்கள்; வருடத்தில் ஒருநாள் ஹோட்டலுக்குக் கூப்பிட்டு வகுப்பு எடுத்துச் சாப்பாடும் போடுவார்கள். ஒரு ஆராய்ச்சியாளர் என் கடை வாசலுக்கு வந்து, "நாங்கள் இப்படி ஒன்றைக் கண்டிருக்கிறோம், வருகிறவர்களிடம் சொல்லுங்கள்" என்று சொன்னது ஒரு நாளும் கிடையாது.

அதனால் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரும்போகத்தில் அறக்கொட்டியான் விழுந்தது. புத்தகத்தில் கபிலத் தத்தி என்று எழுதுவார்கள். நெற்பயிரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். வரம்பில் நின்று பார்த்தால் வயல் பச்சையாகத்தான் தெரியும், பிறகு ஒருநாள் பார்த்தால் வட்டம் வட்டமாக நெருப்பு வைத்த மாதிரிக் கருகிக் கிடக்கும். அறுபது வயது தாண்டிய ஒரு ஐயா, குத்தகைக்கு ஐந்து ஏக்கர் செய்தவர், என்னிடம் மருந்து வாங்கி அடித்தார். இரண்டு கிழமையில் திரும்பி வந்து, முந்தியதைவிடக் கூடிப்போச்சு என்றார். நான் அதைவிடக் கடுமையான ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் தடவை வந்தபோது அவர் பயிர் கொண்டுவரவில்லை, அறுவடைக்குத் தருவதாகச் சொன்ன கடனுக்கு இன்னுமொரு போகம் தவணை கேட்டு வந்திருந்தார்.

அடுத்த வருடம்தான், ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ரோசாச் செடிக்கு உரம் வாங்க வந்த இடத்தில் பேச்சோடு பேச்சாக இதைக் கேட்டுவிட்டு, "வாங்க தம்பி, வயலுக்குப் போவம்" என்று கூட்டிக்கொண்டு போனார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பயிரின் அடியை விரித்து, ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துத் தட்டினார். தாளில் தத்திகள் விழுந்தன, கூடவே சின்னச் சின்னச் சிலந்திகளும் பச்சை நிறத்தில் ஒரு பூச்சியும். இந்தச் சிலந்தி தத்தியைப் பிடித்துத் தின்னும், இந்தப் பச்சைப் பூச்சி தத்தியின் முட்டையைக் குத்தி உறிஞ்சும். கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது இவைதான், தத்தியின் முட்டை பயிரின் மடலுக்குள் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, ஒரு கிழமையில் பொரித்து வரும்போது அதைத் தின்ன வயலில் ஆள் இருக்காது, அதனால்தான் அடிக்க அடிக்கக் கூடுகிறது என்றார். யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் மெத்தென்று சாறு நிறைந்து நிற்கும், அது அறக்கொட்டியானுக்கு விருந்து என்றார். நெருக்கி விதைத்தால் அடியில் காற்று வராது, அதுவும் அதற்கு வசதி. தண்ணீரைச் சில நாட்கள் வடிய விட்டுப் பாருங்கள் என்றார். அரை மணி நேரம்தான் எடுத்தது. இருபது வருடமாக நான் விற்ற விஷயத்தை அரை மணி நேரத்தில் எனக்கு விளங்கப்படுத்திவிட்டார், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லையாம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970களிலேயே இதை ஆராய்ந்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய பீ.ஜீ. நெல்லினங்கள் அத்தனை தூரம் கடந்து வெல்லாவெளி வட்டைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, எந்தக் கடைக்காரனைக் கேட்டாலும் எண் சொல்வான். அந்த நெல் வந்த வழியாக இந்த அரை மணி நேரப் பேச்சு ஏன் வரவில்லை? அந்த ஐயா இரண்டாம் தடவை வந்தபோது எனக்கு இது தெரிந்திருந்தால் மருந்துப் போத்தலைக் கொடுத்திருக்க மாட்டேன், தண்ணீரை வடிய விடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

என் மச்சான் வாவியில் தொழில் செய்கிறவர். ஒருநாள் விடியற்காலையில் கரையோரம் மீன்கள் செத்து மிதந்தன. காலைத் தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று கதை பரவிவிட்டது, மத்தியானத்துக்குள் அந்த 'யாரோ' என்பது பக்கத்து ஊர்க்காரராக மாறிவிட்டது. ஒன்று தமிழ் ஊர், மற்றது முஸ்லிம் ஊர். எங்கள் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பள்ளிவாசல் பெரியவர்களும் கோயில் தலைவரும் சந்தியில் நின்று இரண்டு பக்கத்தையும் அமைதிப்படுத்தியிருக்காவிட்டால் என்ன நடந்திருக்குமோ. இரண்டு நாள் கழித்து ஒரு வாகனத்தில் ஆட்கள் வந்து தண்ணீரைப் போத்தல்களில் எடுத்தார்கள், மீனை ஐஸ் பெட்டியில் போட்டார்கள், மச்சானிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போனார்கள். அவரும் தொழிலுக்குப் போகாமல் நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். என்ன முடிவு வந்தது என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை.

உயர்தரத்தில் உயிரியல் படித்த அவருடைய மகள்தான் பிறகு எங்களுக்கு ஒன்றைச் சொன்னாள். பாசி பிடித்த தண்ணீரில் பகலில் ஒட்சிசன் கூடும், இரவில் வெளிச்சம் இல்லாததால் பாசியும் மீனைப் போலவே ஒட்சிசனை எடுக்கத்தான் செய்யும், அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. மப்பும் மந்தாரமுமாகச் சில நாட்கள் தொடர்ந்தால், அல்லது ஆற்றுவாழை அழுகிக் கிடந்தால், நஞ்சு இல்லாமலே மீன் மூச்சுத் திணறிச் சாகலாம் என்றாள். வயலிலிருந்து வடியும் உரம் பாசியை வளர்க்கும் என்றும் சொன்னாள், சொல்லும்போது என்னைப் பார்த்தாள். அன்று நடந்தது இதுதானா என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் இப்படியும் ஒரு காரணம் இருக்க முடியும் என்று அந்தக் காலையில் விஷயம் தெரிந்த ஒருவர் ஒலிபெருக்கியில் ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் சந்தியில் அத்தனை பேர் பொல்லோடு நின்றிருக்க மாட்டார்கள்.

மாரியில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணலை வெட்டுகிற நேரம் வந்தாலும் இப்படித்தான். வயல் தாழுது, சீக்கிரம் வெட்டுங்கள் என்று விவசாயி சொல்வான். அவசரப்பட்டு வெட்டினால் வாவித் தண்ணீர் மாறி மீனும் இறாலும் குறையும் என்று மீனவன் சொல்வான். இறால் கடலில் முட்டையிட்டு, குஞ்சு வாவிக்குள் வந்துதான் வளர்கிறது, அதற்கு வாய் எப்போது திறந்திருக்கிறது என்பது முக்கியம். இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது. உப்பின் அளவையும் நீர்மட்டத்தையும் அளக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய எண்கள் மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை, சத்தம் கூடியவன் சொன்னது நடக்கிறது.

சரி, 2021க்கு வருகிறேன். மே மாதம் இரசாயன உரமும் மருந்தும் இறக்குமதி செய்ய அரசாங்கத்தின் தடை வந்தது. என் வியாபாரம் படுத்தது, அதை விடுங்கள். "சேதன உரம் போட்டால் அதே விளைச்சல் வருமா தம்பி?" என்று தினமும் கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு சின்னக் கணக்கு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான், அதுவும் ஒரே போகத்தில் முழுவதும் பயிருக்குக் கிடைக்காது. அப்படியென்றால் ஒரு மூடை யூரியாவுக்குப் பதிலாக ஒரு தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும், அதை எங்கே செய்வது, எந்த உழவு இயந்திரத்தில் ஏற்றுவது? இந்தக் கணக்கைச் சொல்லக்கூடிய பேராசிரியர்கள் நாட்டில் இருந்தார்கள், பலர் எழுதியும் பேசியும் எச்சரித்தார்கள், அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புத்தி மாரம்பே வெளிப்படையாகப் பேசினார், விவசாய அமைச்சு தன் கீழிருந்த பொறுப்புகளிலிருந்து அவரை நீக்கியது. அதை நான் பல மாதம் கழித்துத்தான் அறிந்தேன். அந்த நேரம் எங்கள் விவசாயிகள் கமநல சேவை நிலையத்துக்கு முன்னால் பதாகை பிடித்துக்கொண்டு நின்றார்கள், தங்களுக்காகப் பேசி ஒரு மனிதர் பதவி இழந்தார் என்பது அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பதாகையில் அவர் பெயரும் இருந்திருக்கும். ஊருக்கு முகம் தெரிந்த விஞ்ஞானியை அரசாங்கம் அவ்வளவு லேசாகத் தள்ளிவைக்க முடியாது. மக்களோடு கதைப்பது விஞ்ஞானிகளுக்கே பாதுகாப்பு என்று நான் நினைப்பது இதனால்தான். நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது.

இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியாது, சொற்கள் இல்லை என்று ஒரு விரிவுரையாளர் ஒருமுறை என்னிடம் சொன்னார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒளித்தொகுப்பு, நைதரசன், பிரசாரணம் என்று உயர்தரம் வரை தமிழில் எழுதித்தானே அவரும் பல்கலைக்கழகம் போனார்? காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார், சில வருடம் கழித்து இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் எடுத்தார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார், 1930களில் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்கிய வேலையில் முன்னின்றார். அவருக்கும் முன்னால், 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழைப் படித்து, மானிப்பாயில் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடப் புத்தகங்களையும் தமிழாக்கினார். கடல் கடந்து வந்தவருக்கு முடிந்திருக்கிறது. கல்லடியில் அடிகளின் சமாதிக்கு ஒவ்வொரு வருடமும் மாலை போடுகிறோம், அவர் செய்த அந்த வேலையைத் தொடரத்தான் ஆளைக் காணவில்லை.

இன்னொரு காரணமும் சொல்வார்கள்: முடிவு நிச்சயமில்லை, அரைகுறையாகச் சொன்னால் மக்கள் குழம்புவார்கள், பத்திரிகைக்காரர் தலைப்பை மாற்றிப் போடுவார்கள் என்று. கடைசிக் காரணம் உண்மைதான் ஆசிரியரே, அது உங்கள் பக்கத்து வேலை. ஆனால் மக்கள் குழம்புவார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். மழை வருமோ வராதோ என்று தெரியாமல் விதைக்கிறவன் விவசாயி, அவனுக்கு நிச்சயமில்லாததோடு வாழத் தெரியும். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்து, ஆழிப்பேரலை எச்சரிக்கை கேட்டு கரையோரம் முழுக்க ஓடினோம். நானும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். 2004இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்த கரை இது, ஓடாமல் என்ன செய்வது. அலை வரவில்லை. சும்மா பயப்படுத்திவிட்டார்கள், அடுத்த முறை ஓடமாட்டேன் என்று அன்று மாலையே பலர் சொன்னதை என் காதால் கேட்டேன். 2004இல் கடலடித் தட்டு மேலே எழும்பித் தண்ணீரையே தூக்கியது, 2012இல் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, அதனால் தண்ணீர் பெரிதாக எழும்பவில்லை. நிலம் அதிர்ந்த உடனே இது எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே அடுத்த முறையும் ஓடத்தான் வேண்டும். எத்தனை சின்ன விளக்கம் இது? அந்தக் கிழமையே ஒவ்வொரு மீனவர் சங்கத்திலும் யாராவது வந்து சொல்லியிருக்க வேண்டாமா? நான் இதை அறிந்தது பல வருடம் கழித்து, இணையத்தில் வந்த ஒரு காணொளியில்.

ஆராய்ச்சியாளர்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். பதவி உயர்வுக்கு வெளிநாட்டு ஆங்கிலச் சஞ்சிகையில் கட்டுரை வரவேண்டும், வெல்லாவெளியில் போய்ப் பேசினால் ஒரு புள்ளியும் கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். அந்த விதியை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நாங்களும்தான், இலவசக் கல்விக்குச் சவர்க்காரம் வாங்கும்போதுகூட வரி கட்டுகிறவர்கள் நாங்கள். இப்போதைக்கு நான் கேட்பது சிறியது. எங்கள் வயலில் மண் எடுத்தால், எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுத்தால், வாவியில் மீன் எடுத்தால், முடிவு வந்ததும் தமிழில் ஒரு பக்கம் எழுதி அந்தக் கமநல சேவை நிலையத்திலும் மீனவர் சங்கத்திலும் ஒட்டிவிடுங்கள். முடிவு தெளிவாக இல்லையென்றால் தெளிவாக இல்லை என்றே எழுதுங்கள், அதையும் வாசிப்போம். போகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்கு ஒருவர் வாருங்கள், பேச்சு வேண்டாம், கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன் ஆசிரியரே. கிழமைக்கு ஒருநாள் கால் பக்கம் ஒதுக்குங்கள். வாசகர் ஒரு கேள்வி அனுப்பட்டும், அந்தத் துறை தெரிந்த ஒருவர் பதில் எழுதட்டும், எழுதியவரிடம் காட்டாமல் தலைப்பை மாற்றாதீர்கள். முதல் கேள்வியை நானே அனுப்புகிறேன்: எந்த மருந்தை நான் விற்காமல் விட வேண்டும்?

சிறுபோகத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கும் காலத்தில் சனிக்கிழமை காலையில் என் கடையில் முப்பது நாற்பது பேராவது நிற்பார்கள். வாசலில் ஒரு வாங்கு போட்டிருக்கிறேன், மேலே தகரக் கூரையும் இருக்கிறது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் படித்து ஆராய்ச்சி செய்யும் எங்கள் பிள்ளைகளில் யார் வந்தாலும் தேத்தண்ணி என் பொறுப்பு. அந்த ஐயா இப்போதும் வருகிறார், முன் வரிசையில் அவருக்கு இடம் வைப்பேன்.

இப்படிக்கு,
விவசாய மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
களுவாஞ்சிகுடிப் பகுதி.