கால்பந்துக் கழகச் சின்னங்கள்: இரு திருத்தங்களும் சில விவரங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்துக் கழகங்களின் சின்னங்களுக்குப் பொருள் கூறித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். திருப்பூரில் பத்தொன்பது ஆண்டுகளாக எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்துவருகிறேன். பனியனின் நெஞ்சில் வரும் சின்னங்களைத் தைத்துக் கொடுப்பதே என் பிழைப்பு என்பதால், இப்படியொரு பொருளைத் தமிழ் நாளிதழ் ஒன்று கையிலெடுத்தது எனக்கு மகிழ்ச்சி அளித்தது. ஆயினும், கட்டுரையில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அந்தப் பிழைகளுக்குக் காரணமான அணுகுமுறையும் இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் ‘இதன் பொருள் இது’ என்று அகராதி போல ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார் கட்டுரையாளர். அதை யார் வைத்தார்கள், எந்த ஆண்டு வைத்தார்கள், பிறகு யார் கைவைத்து மாற்றினார்கள் என்று கேட்டிருந்தால், அந்த ஒரு வரி விடைகளில் பாதி நின்றிருக்காது.

பெரிய பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். மான்செஸ்டர் யுனைடெட் சின்னத்தின் மேற்பகுதியில் பாய் விரித்து நிற்கும் கப்பல், அந்நகரைக் கடலோடு இணைத்த மான்செஸ்டர் கப்பல் கால்வாயின் நினைவாக வைக்கப்பட்டது என்று கட்டுரை கூறுகிறது. கடற்கரை இல்லாத ஊருக்குக் கப்பல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இது சுலபமான விடைதான். ஆனால், அந்தக் கால்வாய் திறக்கப்பட்டது 1894இல். கழகம் அந்தக் கப்பலை எடுத்துக்கொண்ட நகரச் சின்னமோ மான்செஸ்டருக்கு 1842இலேயே வழங்கப்பட்டுவிட்டது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தண்ணீர் ஓடிய கால்வாய் அந்தக் கப்பலுக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது.

அக்கப்பல் குறித்தது ஊரின் வணிகத்தை. அந்தக் காலத்து மான்செஸ்டரில் வணிகம் என்றால் முதலில் பருத்திதான். அமெரிக்காவிலிருந்து லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சுப் பொதிகள் 1830இல் போடப்பட்ட ரயில் பாதை வழியாக மான்செஸ்டர் ஆலைகளுக்கு வந்தன. அந்தப் பஞ்சில் பெரும்பகுதி அடிமைகள் பறித்தது என்பதால், மான்செஸ்டரின் இரண்டு பெரிய கழகங்களும் இந்தக் கப்பலை நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பது சரிதானா என்ற விவாதம் 2023இல் பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றில் எழுந்தது. நூலையும் துணியையும் வைத்துப் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு அந்த விவாதத்தைப் படித்தபோது, அது எனக்குத் தொலைதூரத்துச் செய்தியாகத் தோன்றவில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. யுனைடெட் கழகத்தை 1878இல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கியவர்கள் ரயில் பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள். இன்றைய பெயர் 1902இல்தான் வந்தது. ரயில்காரர்கள் தொடங்கிய கழகத்தின் சின்னத்தில் ரயிலைக் காணோம், கப்பல் இருக்கிறது. கட்டுரை பெரிதாக எடுத்துப் பேசும் சிவப்புச் சாத்தான் அந்தச் சின்னத்தில் குடியேறியது 1970களில்தான். அதுவும் பக்கத்து ஊரான சால்ஃபோர்டின் ரக்பி அணியிடமிருந்து இரவல் வாங்கிய பட்டப்பெயர்.

ஆர்சனலின் பீரங்கி எனக்குத் தனிப்பட்ட முறையில் பாடம் கற்பித்த சின்னம். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி முன்னாள் மாணவர்கள் சிலர் தங்கள் அணிக்கு இருபத்திரண்டு ஜெர்சிகளில் அதைத் தைத்துத் தரும்படி கேட்டார்கள். பஞ்சிங் செய்யும் பையன், அதாவது படத்தைக் கணினியில் தையல் வடிவமாக மாற்றுகிறவன், இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து வடிவம் போட்டான். துணிக்கு அடியில் பேக்கிங் பேப்பர் வைத்துப் பதினொரு ஜெர்சி ஓட்டி முடித்திருந்த நேரத்தில் வந்து பார்த்த அவர்களில் மூத்தவர், “பீரங்கி தப்பான பக்கம் பார்க்கிறதே” என்றார். அவர் சிறுவயதில் பார்த்த சின்னத்தில் பீரங்கியின் வாய் இடப்பக்கம் இருந்தது. நாங்கள் தைத்ததில் வலப்பக்கம் இருந்தது. இரண்டுமே சரி. கணினியில் ஒரே சொடுக்கில் பீரங்கியைத் திருப்பிவிடலாம். ஏற்கெனவே தைத்த பதினொன்றைத் திருப்ப முடியாது. அந்த நஷ்டத்துக்குப் பிறகுதான் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

லண்டனின் தென்கிழக்கில் உள்ள ஊல்விச்சில் அரசு ஆயுதச் சாலைத் தொழிலாளர்கள் 1886இல் தொடங்கிய கழகம் அது. பீரங்கி செய்கிறவர்கள் பீரங்கியை வைத்துக்கொண்டதில் வியப்பு இல்லை. முதல் சின்னத்தில் மூன்று பீரங்கிகள் வானத்தை நோக்கி நின்றன. தெரியாதவர்கள் ஆலைப் புகைபோக்கிகள் என்றே நினைப்பார்கள். 1913இல் கழகம் தேம்ஸ் நதியைத் தாண்டி வடக்கு லண்டனின் ஹைபரிக்குக் குடிபெயர்ந்தது. ஆயுதச் சாலையோடு இருந்த அன்றாட உறவு அத்துடன் முடிந்துவிட்டபோதிலும் பீரங்கி கூடவே வந்தது. 1922இல் மூன்றுக்குப் பதில் ஒன்று, கிழக்கு நோக்கி, அதாவது வலப்பக்கம் பார்த்துப் படுத்தது. 1925இல் மெலிந்து மேற்கு நோக்கித் திரும்பியது. ‘ஒற்றுமையில் வெற்றி வளரும்’ என்ற பொருள்தரும் லத்தீன் தொடரோடு 1949இல் புதிய சின்னம் வந்தது. 2002இல் அந்தத் தொடர் போய், பீரங்கி மறுபடி கிழக்கே திரும்பிவிட்டது. பழைய சின்னத்துக்குச் சட்டப்படி முழு உரிமை பெறுவது கடினமாக இருந்ததே அந்தக் கடைசி மாற்றத்துக்குக் கழகம் கூறிய முக்கியக் காரணம்.

அந்த உரிமைப் போராட்டத்தின் இன்னொரு பக்கம் கட்டாயம் சொல்லப்பட வேண்டும். மைதானத்துக்கு வெளியே 1970 முதல் கடை போட்டு ஆர்சனல் துண்டுகளும் தொப்பிகளும் விற்றுவந்த ஒருவர் மீது கழகம் வழக்குத் தொடுத்தது. தன் சரக்கு கழகத்தின் அதிகாரபூர்வச் சரக்கு அல்ல என்று கடையிலேயே பலகை மாட்டியிருந்தவர் அவர். மக்கள் இந்தச் சின்னத்தைச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அடையாளமாகப் பார்க்கவில்லை, தாங்கள் யார் பக்கம் என்று காட்டும் விசுவாசத்தின் அடையாளமாகவே அணிகிறார்கள் என்று அவர் தரப்பு வாதாடியது. இங்கிலாந்து உயர் நீதிமன்ற நீதிபதி 2001இல் அதை ஏற்கவும் செய்தார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2003இல் மேல்முறையீட்டில் கழகத்துக்குச் சாதகமாக முடிந்தது. கழகத்தின் அனுமதியின்றி நான் தைத்த அந்த ஜெர்சிகளும் சட்டப்படி தவறு என்று அதைப் படித்த பிறகே உறைத்தது. அதன்பின் அத்தகைய வேலையை எடுப்பதில்லை. ஆனாலும், சின்னம் யாருடையது என்ற கேள்வியை அந்தக் கடைக்காரரைவிடத் தெளிவாக வேறு யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

எல்லாச் சின்னமும் இப்படிச் சிக்கலானது அல்ல. வெஸ்ட் ஹாம் அணியின் குறுக்கிட்ட சுத்தியல்கள், 1895இல் அதைத் தொடங்கிய கப்பல் கட்டும் தளத்தில் ரிவிட் அடித்தவர்களின் சுத்தியல்கள். ரோமா அணியின் ஓநாய், ரோமாபுரியைக் கட்டியவனுக்குப் பாலூட்டிய கதையின் ஓநாய். இவற்றைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது.

ஸ்பெயினுக்கு வந்தபோதுதான் கட்டுரை பெரிய வாய்ப்பைத் தவறவிட்டது. ‘பார்சிலோனா சின்னத்தின் சிவப்பு மஞ்சள் கோடுகள் கட்டலோனியாவைக் குறிக்கும், ரியல் மாட்ரிட் சின்னத்தின் மகுடம் அரச குடும்பத்தைக் குறிக்கும்’ என்று எழுதியிருப்பது தவறில்லை. ஆனால், அந்தக் கோடுகளும் அந்த மகுடமும் ஓரிடத்தில் அசையாமல் இருந்தவை அல்ல. பார்சிலோனாவின் இன்றைய சின்னத்தின் அடிப்படை 1910இல் நடந்த போட்டியில் தேர்வான வடிவம்; வரைந்தவர் அந்த அணியில் ஆடிய கார்லஸ் கோமமாலா. மேலே ஒரு பக்கம் புனித ஜார்ஜின் சிலுவை, மறுபக்கம், பார்சிலோனா நகரம் இருக்கும் தனிமொழிப் பகுதியான கட்டலோனியாவின் கொடியில் உள்ள நான்கு சிவப்புக் கோடுகள். உள்நாட்டுப் போரில் வென்ற சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில், 1941இல் கழகத்தின் பெயரே ஸ்பானிய மொழி மரபுக்கு மாற்றப்பட்டது. சின்னத்தில் F.C.B. என்றிருந்த பெயரின் முதலெழுத்துகள் C.F.B. என இடம் மாறின. நான்கு கோடுகள் இரண்டாயின. என் தொழில் கணக்கில் இது ஒன்றுமே இல்லை: சிவப்பு நூலில் இரண்டு வரிசை குறைவு, சில நூறு தையல் மிச்சம். ஒரு மக்களின் கொடி அவர்கள் நெஞ்சிலிருந்து அந்தச் சில நூறு தையலில் பிரிக்கப்பட்டது. கழகத்தின் பொன்விழா ஆண்டான 1949இல் கோடுகள் நான்காகத் திரும்பின. எழுத்துகள் பழைய வரிசைக்குத் திரும்ப 1970களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படித் திரும்பி வந்த எழுத்துகளை 2018இல் நிர்வாகமே நவீன வடிவமைப்பு என்ற பெயரில் எடுத்துவிட முனைந்தபோது, உறுப்பினர்கள் எதிர்த்ததும் நிர்வாகம் பின்வாங்கியதும் ஏன் என்பது இந்தப் பின்னணி தெரிந்தால்தான் புரியும்.

ரியல் மாட்ரிட்டின் கதை இதன் மறுபாதி. மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ 1920இல் ‘ரியல்’ என்ற அரசப் பட்டத்தை வழங்கியபோது மகுடம் ஏறியது. 1931இல் குடியரசு வந்ததும் மகுடம் இறங்கி, பழைய காஸ்டீல் நாட்டின் ஊதா நிறப் பட்டை ஒன்று குறுக்கே வந்தது. 1941இல் மகுடம் திரும்பியது. பட்டை மட்டும் போகவில்லை. இன்று நீல நிறத்தில் இருக்கும் அந்தப் பட்டையை, மகுடம் இல்லாத பத்தாண்டுகளின் மிச்சமாகவே நான் பார்க்கிறேன். ஒரே சின்னத்தில் முடியாட்சியும் குடியரசும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த மகுடத்தின் உச்சியில் உள்ள சிறு சிலுவை, அபுதாபி வங்கி ஒன்றின் கடன் அட்டைக்காக 2014இல் நீக்கப்பட்டதையும் சேர்த்துச் சொன்னால், மன்னருக்கும் குடியரசுக்கும் அடுத்து சின்னத்தில் கைவைத்தது யார் என்று தெரிந்துவிடும்.

இந்தக் காலத்தில் கைவைப்பவர்கள் பெரும்பாலும் உரிமையாளர்களும் விளம்பர ஆலோசகர்களும்தான். நூறாண்டுக்கு மேல் நீல உடையில் ஆடிய வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி அணியை அதன் மலேசிய உரிமையாளர் வின்சென்ட் டான் 2012இல் சிவப்புக்கு மாற்றினார். சின்னத்தில் நீலக்குருவி சுருங்கி, டிராகன் பெருத்தது. ரசிகர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2015இல் நீலம் திரும்பியது. லீட்ஸ் யுனைடெட் 2018இல் நெஞ்சில் கைவைத்த ஒரு மனிதனின் உருவத்தைப் புதிய சின்னமாக அறிவித்தது. சில மணி நேரத்தில் பல்லாயிரம் பேர் எதிர்த்துக் கையொப்பமிட, அத்திட்டம் கைவிடப்பட்டது. யுவென்டஸ் 2017இல் டூரின் நகரின் காளையை அனுப்பிவிட்டு இரண்டு கோடுகளால் ஆன ஓர் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டது. தைக்கிறவனாகச் சொன்னால் அதைப் போல் சுகமான வேலை கிடையாது, ஒரே நூல், நிற மாற்றமே இல்லை. பார்க்கிறவனாகச் சொன்னால் அந்தக் காளை எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. நம் நாட்டிலும் கொல்கத்தாவில் 1889இல் தோன்றிய மோகன் பகான் 2020இல் வேறொரு அணியோடு இணைக்கப்பட்டபோது, பாய்மரப் படகுச் சின்னம் தப்பித்தது. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட, அந்த அணியின் ATK என்ற மூன்று எழுத்துகளை நீக்கச் சொல்லி ரசிகர்கள் போராடியதால் 2023இல் பெயர் மாற்றப்பட்டது.

கடைசியாக, சென்னையின் எஃப்சி பற்றிய வரி. 2014இல் தொடங்கப்பட்ட அந்த அணியின் சின்னத்தில் இருப்பது ‘சீறும் வீரனின் முகம்’ என்று கட்டுரை கூறுகிறது. புதுவீடு கட்டும்போது கண்ணேறு படாமல் இருக்க முன்பக்கம் தொங்கவிடுவோமே, அந்தத் திருஷ்டி பொம்மையின் முகம் அது. உருட்டிய விழியும் முறுக்கிய மீசையும் வீரத்துக்காக அல்ல, பொறாமைக் கண்களை விரட்டுவதற்காக. மேலை நாட்டு மரபில் நகரச் சின்னம், தொழில், அரசு ஆகியவற்றிலிருந்தே பெரும்பாலும் இரவல் வாங்கியிருக்க, இங்கே ஒரு கழகம் வீட்டு வாசலிலிருந்து எடுத்திருக்கிறது. தமிழ் நாளிதழில் இந்த ஒன்றையாவது தவறவிட்டிருக்கக் கூடாது.

மான்செஸ்டர் கப்பலைப் பற்றிய வரியையும், சென்னையின் முகத்தைப் பற்றிய வரியையும் அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், ஆர்சனல் பீரங்கி இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் படத்தோடு போட்டுவிடுங்கள். கட்டுரையோடு தாங்கள் வெளியிட்ட படத்தில் இருந்தது 2002க்கு முந்தையது.

இப்படிக்கு,
எம்பிராய்டரி தொழில் செய்யும் வாசகர்,
திருப்பூர்.