திருப்பி அனுப்பும் பேட்டரிக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்புவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள், பிரிக்கும்போதே போட்டோ எடுங்கள், வந்த பெட்டியிலேயே வைத்து ஒட்டி அனுப்புங்கள் என்றெல்லாம் சொன்ன கட்டுரையாளர், அந்தப் பொருளுக்குள் பழுதான பேட்டரி இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் விட்டுவிட்டார். பார்சல்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது அந்த ஒரு விஷயம்தான்.

போனிலும் லேப்டாப்பிலும் இருக்கும் லித்தியம் பேட்டரி புதிதாக ஆலையை விட்டுக் கிளம்பும்போது கெடுபிடிக்குக் குறைவே இல்லை. ஐ.நா. வகுத்த யூ.என். 38.3 என்ற சோதனை வரிசையில் ஒவ்வொரு மாடலும் தேற வேண்டும். விமான உயரத்துக் குறைந்த காற்றழுத்தம், கடும் வெப்பமும் குளிரும், அதிர்வு, அடி, ஷார்ட் சர்க்யூட் என்று போட்டு வாட்டி எடுப்பார்கள். அந்தச் சோதனையின் சுருக்கத்தைக் கேட்டவருக்குக் கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பது 2020 ஜனவரியிலிருந்து விதி. அபாய சரக்குக்கான அடையாள எண், லித்தியம் அயன் பேட்டரி தனியாகப் போனால் யூ.என். 3480, கருவியோடு போனால் யூ.என். 3481. தனியாகப் போகும் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை. சரக்கு விமானத்திலும், சிறப்பு அனுமதி இல்லாவிட்டால், சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

அதென்ன 30 என்று பலர் கேட்கிறார்கள். பேட்டரிக்குள் இரு முனைத் தகடுகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்தால், உள்ளேயே ஷார்ட் ஆகிச் சூடேறும். அந்தச் சூடு பேட்டரியின் தனித்தனி அலகுகளான செல்களில் அடுத்தடுத்தவற்றுக்கும் தாவும். சார்ஜ் குறைவாக இருந்தால் வெளிவரும் ஆற்றலும் குறைவு, தாவும் வாய்ப்பும் குறைவு. விமானத்தின் சரக்கு அறையில் தீயை அணைக்க அடிக்கும் ஹாலான் வாயு சுடரை அடக்கும். செல்லுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வினையை அது நிறுத்தாது.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யூ.பி.எஸ். என்ற கூரியர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள். லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்குப் பகுதியில்தான் தீ தொடங்கியது என்ற முடிவுக்கு விசாரணை அறிக்கை வந்தது. அபாய சரக்கு என்று அறிவித்திருக்க வேண்டிய பேட்டரிகள் சில, அப்படி அறிவிக்கப்படாமலே ஏறியிருந்தன என்றும் அதில் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது விஷயம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பெட்டியை யாராலும் தனியாகக் கவனிக்க முடியாது.

இப்போது அதே பேட்டரி திரும்பி வருவதைப் பாருங்கள். விற்பவரின் தளத்தில் "காரணம்" என்று ஒரு பட்டியல் இருக்கும். வாடிக்கையாளர் "பேட்டரி வீங்கிவிட்டது" என்று உண்மையைத்தான் தேர்ந்தெடுக்கிறார். உடனே சட்டைக்கும் செருப்பிற்கும் வரும் அதே லேபிள் அச்சாகி வருகிறது! வீங்கிய, கசிந்த, தானாகச் சூடேறிய, பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்பப் பெறப்படும் பேட்டரிகள் விமானத்தில் போகவே கூடாது, சரக்கு விமானத்திலும்கூட. தரை வழியாகவோ கடல் வழியாகவோ அனுப்பினாலும் ஒவ்வொன்றையும் கசியாத தனி உறையில் வைத்து, சுற்றிலும் தீப்பற்றாத, மின்சாரம் கடத்தாத பொருளை நிரப்பி, பழுதான லித்தியம் பேட்டரி என்று பெட்டிமேல் எழுத வேண்டும். இதையெல்லாம் பேட்டரி வாங்கியவர் எங்கே கற்றுக்கொள்வார்? விதிப்படி பொறுப்பு அனுப்புபவருக்கு. அனுப்புபவர் என்ற இடத்தில் வாடிக்கையாளரின் பெயர்தான் இருக்கிறது. இது நியாயமில்லை.

வழி தெரியாமலும் இல்லை. 2016இல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றபோது, அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு வெப்பத் தடுப்புப் பெட்டியையும் கையுறையையும் அனுப்பி, தரை வழியாக மட்டும் அனுப்பச் சொன்னது. அன்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது சரியான வேலையாகத்தான் பட்டது. விற்பவர்கள் எல்லோரும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. பழுது பேட்டரியிலா, வேறு பாகத்திலா என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். மைக் வேலை செய்யாத ஹெட்போன் வழக்கமான பார்சலாகவே போகலாம். பேட்டரியில்தான் பழுது என்றால் லேபிள் அச்சாகாமல் ஒரு ஆளிடம் போக வேண்டும். அவர் தகுந்த பெட்டியை அனுப்பட்டும், இல்லையேல் போட்டோவைப் பார்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேட்டரியைச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கச் சொல்லட்டும். செலவாகும்தான். பொருளை விற்ற லாபத்தில் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். ஆனால் குப்பைத்தொட்டியில் போடச் சொல்லிவிடக் கூடாது. குப்பை லாரியில் நசுங்கினாலும் அது தீப்பிடிக்கும்.

நல்ல நிலையில் உள்ள பேட்டரியை அனுப்புபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளியே தெரியும் முனைகளில் டேப் ஒட்டுங்கள். கருவியை அணைத்து, வழியில் பட்டன் அழுந்தாதபடி வையுங்கள். சாவி, நாணயம் போன்ற உலோகத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். கூரியர்காரர் உள்ளே என்ன என்று கேட்டால் "எலக்ட்ரானிக்ஸ்" என்று மொட்டையாகச் சொல்லாமல் பேட்டரி இருப்பதையும் சொல்லுங்கள். அப்புறம் அதன் வாட்-அவர் (Wh) அளவையும், அதாவது அதில் அடங்கும் மின் ஆற்றலையும் சொல்லுங்கள். மேலேயே அச்சிட்டிருக்கும், இல்லையென்றால் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் (Ah) பெருக்குங்கள். 3.7 வோல்ட், 20,000 மில்லி ஆம்பியர்-அவர் (mAh), அதாவது 20 ஆம்பியர்-அவர் பவர் பேங்க் என்றால் 74 வாட்-அவர். அது 100ஐத் தாண்டினால் விதிகள் இன்னும் இறுகும்.

வந்த பெட்டியிலேயே அனுப்பலாம் என்ற கட்டுரையின் யோசனைக்கும் ஒரு திருத்தம். பெட்டி உறுதியாக இருந்தால் அனுப்பலாம், ஆனால் அதன்மேல் இருக்கும் பழைய ஸ்டிக்கர்களில் இந்தப் பார்சலுக்குப் பொருந்தாதவற்றைக் கிழித்தோ மறைத்தோ விடுங்கள். பேட்டரி இல்லாத பெட்டியில் சிவப்பு ஓரம் போட்ட பேட்டரி அடையாளம் இருந்தாலும் எங்களைப் பொறுத்தவரை அது தவறான பார்சல்தான். நிறுத்தி வைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்