மாடியில் குடியிருக்கிறோம், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், சென்னையில் நாங்கள் குடியிருக்கும் ஜார்ஜ் டவுனைப் புதுப்பிப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். 'இரவு எட்டு மணிக்கு ஷட்டர்கள் இறங்கியதும் இந்தத் தெருக்கள் உயிரற்றுப் போகின்றன. மேலே குடியிருப்புகளும் கீழே ஒரு சூப்பர் மார்க்கெட்டும் கட்டினால்தான் மறுபடி உயிர் வரும்' என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஆளரவமற்ற தெரு என்று ஒரு புகைப்படமும் இருந்தது. படத்தின் இடதுபுறம் இரண்டாவது மாடிக் கிராதியில் ஒரு சுங்குடிப் புடவை காய்கிறதே, அது என்னுடையது. உயிரற்ற தெருவில் யார் துவைத்துக் காயப் போட்டார்கள் என்று கட்டுரையாளர் ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

எட்டு மணிக்குமேல் அவர் எங்கள் பக்கம் வந்ததில்லை என்பது தெரிகிறது. பகலில் மனிதர்களும் மீன்பாடி வண்டிகளும் நகரவே இடமில்லாத இந்தச் சந்துகளில் லாரி நுழைவது இரவில்தான். ஒரு மணிக்குத் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கிறார்கள். இரண்டு மணிக்கு மூட்டைகள் விழத் தொடங்கும். கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற சுமை தூக்கும் தொழிலாளர்கள், சைக்கிளில் டீ கேன் வைத்திருப்பவர், பில் புத்தகத்தோடு கொட்டாவி விடும் குமாஸ்தா என்று இவ்வளவு உயிர் எங்கள் ஜன்னலுக்குக் கீழே விடிய விடிய இருக்கிறது. எங்களுக்குத்தான் தூக்கம் இல்லை. உயிர் போதவில்லை என்று நாங்கள் யாரும் மனுக் கொடுத்ததில்லை.

இங்கே வீடுகள் எப்படி இருக்கின்றன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தரைத்தளத்தில் கிடங்கு, முதல் மாடியில் மண்டிக்காரரின் அலுவலகம், அதற்குமேல் நாங்கள். மரச்சட்டத்தின்மீது செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள்; மழைக்காலத்தில் எந்த மூலையில் எந்தப் பாத்திரம் வைக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் மனப்பாடம். குடித்தனத்தைவிடக் கிடங்குக்கு வாடகை அதிகம் கிடைப்பதால், மாடியில் ஒரு குடும்பம் காலி செய்தால் அடுத்த வாரமே அங்கே அட்டைப்பெட்டிகள் குடியேறிவிடுகின்றன. படிக்கட்டிலும் பாதி அகலம் பெட்டிகளுக்குத்தான். என் கணவருக்கு நெஞ்சுவலி வந்த இரவில் ஆம்புலன்ஸ் என்.எஸ்.சி. போஸ் சாலையோடு நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் படியில் திரும்பவில்லை. சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு தொழிலாளர்கள் மூட்டை இறக்குவதை நிறுத்திவிட்டு வந்து அவரை இறக்கிக் கொடுத்தார்கள். கட்டுரையாளரின் கணக்கில் அந்த நால்வரும் ஆளரவமற்ற தெருவில்தான் சேர்த்தி.

சூப்பர் மார்க்கெட்டுக்கு வருகிறேன். மளிகைக்கடை என்ற ஒன்றை யாரோ நேற்றுக் கண்டுபிடித்து எங்களுக்குத் தானமாகத் தருவதுபோல் எழுதியிருக்கிறார். நாங்கள் கொத்தவால் சாவடிக்காரர்கள், ஐயா. சென்னை முழுவதும் சாப்பிட்ட காய்கறி எங்கள் தெருவில் இறங்கித்தான் போனது. சாயங்காலம் மிஞ்சியதைக் கூறு கட்டி வைப்பார்கள். கையில் இருக்கிற காசுக்கு ஒரு கூறு கத்தரிக்காய், ஒரு கூறு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு மாடியேறுவோம். 1996இல் மார்க்கெட்டைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதைக் குறை சொல்லவில்லை. அழுகிய கோஸ் இலையில் கணுக்கால் புதைய நடந்தவள் நான். மழை பெய்தால் அந்த நாற்றத்தை எந்தக் கவிஞராலும் அழகாக்க முடியாது. ஆனால் மொத்த வியாபாரத்தோடு சில்லறைக் கடைகளையும் வாரிக்கொண்டு போனபோது, மாடியில் இருப்பவர்கள் நாளை எங்கே காய் வாங்குவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நெரிசல் தீர்ந்தது என்று பத்திரிகைகள் எல்லாம் மகிழ்ந்தன. இப்போது நெரிசல் போதவில்லையா?

மார்க்கெட் போனாலும் பருப்பு மண்டிகள் போகவில்லை. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மிளகாய் வற்றல் நெடியும் மஞ்சள் வாசனையும் உள்ளே வருகின்றன. கீழே, வெளியூர் வியாபாரிக்காகக் கடைப் பையன் மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்து, உள்ளங்கையில் துவரம்பருப்பைக் கொட்டிக் காட்டுகிறான். அதே கடையில் நான் கால் கிலோ கேட்டால், 'சில்லறை இல்லைம்மா' என்கிறான். மரியாதையாகத்தான் சொல்கிறான். டன் கணக்கில் பருப்பு கிடக்கிற தெருவில் குடியிருந்துகொண்டு, சாம்பாருக்குப் பருப்பு வாங்க பஸ் பிடிக்கும் கொடுப்பினை சென்னையில் எங்களுக்கு மட்டும்தான். கைப்பேசியில் ஆர்டர் செய்யலாமே என்று பேத்தி சொல்கிறாள். செய்தேன். 'மேடம், வண்டி உள்ளே வராது, நீங்களே மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று போன் வந்தது.

திருவல்லிக்கேணியில் 1904இலேயே கூட்டுறவுச் சங்கம் வைத்து நியாய விலைக்கு மளிகை விற்ற ஊர் இது. எங்கள் தெருவிலும் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை இருந்தது. கூட்டம் இல்லையென்று மூடியதல்ல. பழுதுபார்ப்புக்காகத் தற்காலிகமாக மூடப்படுகிறது என்று பலகை மாட்டினார்கள். பலகை துருப்பிடித்துவிட்டது. உள்ளே இப்போது பிளாஸ்டிக் குடங்கள் அடுக்கியிருக்கிறார்கள். இது பற்றி நான் தங்களுக்கு எழுதிய பழைய கடிதம் மூன்று வரியாகச் சுருங்கி, ஓர் எண்ணெய் விளம்பரத்துக்கு அடியில் வந்தது. இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானாலும் சுருக்குங்கள். கடைசிப் பத்தியில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

குடியிருப்பு கட்டுகிறார்கள் என்றால் எனக்கு வருத்தம் ஏன் வரப்போகிறது? வால்டாக்ஸ் சாலையை ஒட்டித் தண்ணீர்த் தொட்டித் தெருவில் 700 வீடுகளுக்கு 2024இல் அடிக்கல் நாட்டியபோது நாங்களும்தான் சந்தோஷப்பட்டோம். யாருக்கு என்பதுதான் கேள்வி. கட்டுரை முழுவதும் தேடிப் பார்த்தேன். 'இளம் ஐ.டி. ஊழியர்கள்' வருவார்கள், 'நடைபாதைக் காபிக் கடைகள்' வரும் என்று இருக்கிறது. ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன என்று ஒரு வரி இல்லை. இருக்காதுதானே, நாங்கள்தான் அங்கே இல்லையே.

இடம் மாற்றுவது என்றால் என்னவென்று எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயிலுக்கு டிக்கெட் வாங்குகிறோம். 2000த்தில் தொடங்கிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் நடுவில் இருந்தவர்களை ஓரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாள் அப்படிப் பெரும்பாக்கத்துக்குப் போனவர். முன்பு நடந்து வந்தவர், பிறகு விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்தார். சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்கே போகிறது என்று அவர் சொன்னபோது எனக்கு பதில் இல்லை. பிறகு வருவதை நிறுத்திவிட்டார். அங்கே புது வீட்டில் கழிப்பறை உண்டு, மின்விசிறி உண்டு, வேலைதான் இல்லை. பழைய கதையைத் தோண்டினால் 1772இல் எங்கள் பக்கத்து ஏழுகிணற்றுத் தண்ணீரைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அனுப்பத் தொடங்கியதிலிருந்தே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு போவது கம்பெனி காலத்து வழக்கம். தண்ணீருக்கு இன்றும் குடத்தோடு நாங்கள் லாரியின் பின்னால்தான் நிற்கிறோம் என்பதையும், தாங்கள் அறிந்ததே என்றாலும், ஒரு மரியாதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

நடுநிலையாக ஒரு வார்த்தை. கட்டுரையாளர் சொன்ன யோசனை மோசமானதல்ல. கீழே கடை, மேலே வீடு என்பது எங்கள் தாத்தா காலத்தில் இந்தத் தெரு எப்படி இருந்ததோ அதுதான். கீழே இருந்த கடை கிடங்காகிவிட்டது, மேலே இருந்த வீடும் கிடங்காகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டிகளை அப்புறப்படுத்தினாலே அவர் கேட்கும் உயிரில் பாதி திரும்பிவிடும். அதைச் செய்ய வரைபடமும் வேண்டாம், வெளிநாட்டு உதாரணமும் வேண்டாம். தீயணைப்பு வண்டி நுழையாத தெருவில் மூன்று மாடிக்கு அட்டையும் பிளாஸ்டிக்கும் அடுக்க அனுமதி யார் கொடுத்தார்கள் என்று தங்கள் நிருபர் ஒருவர் கேட்டால் போதும்.

எங்கள் கோரிக்கை சின்னது. இந்தத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் என்று கட்டுரையின் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். வழக்கம்போல் வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு, மூன்றாவது மாடி அலுவலகம் ஒன்றில் வைக்காமல், ஞாயிற்றுக்கிழமை மாலையில் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தின் தரைத்தளத்தில் வைக்கச் சொல்லித் தாங்கள் எழுத வேண்டும். அன்று கடைகள் விடுமுறை, லாரி வராது, வயதானவர்களும் இறங்கி வர முடியும். அறிவிப்பு நோட்டீஸைக் கடை ஷட்டர்களில் ஒட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு ஷட்டர் ஏறியதும் நோட்டீஸும் சுருண்டு மேலே போய்விடுகிறது. மாடிப்படி வாசலில் ஒட்டினால் நாங்கள் படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொத்தவால் சாவடி, சென்னை