தோள்ல ஸ்டார் ஏத்துறதுக்கு முன்னாடி பயிற்சி குடுங்க

பதவி உயர்வு, பயிற்சி ரெண்டையும் முடிவு பண்ற இடத்துல இருக்கிற மேலதிகாரிகளுக்கு,

வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா.

போன திங்கட்கிழமை ராத்திரி பத்தேகால் இருக்கும், ஒரு போன் வந்துச்சு. என்கூட முன்ன கான்ஸ்டபிளா வேலை பாத்த பொண்ணு, இந்த ப்ரமோஷன் லிஸ்ட்ல எஸ்ஐ ஆயிருக்கு. வாழ்த்து சொல்லலாம்னு நான் வாயெடுக்குறதுக்குள்ள, "அண்ணே, நாளைக்கு காலைல ரோல்கால் நான்தான் எடுக்கணுமாம், என்னண்ணே பேசுறது?"னு கேக்குது. குரல் நடுங்குது. 17 வருஷ சர்வீஸ் உள்ள பொண்ணு அது. குடிச்சிட்டு கத்தியோட நின்னவன்கிட்ட பேசிப் பேசியே கத்திய கீழ போட வச்சத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். அதுக்கு பயம்னு ஒண்ணு இருக்குன்னே அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

நான் எனக்குத் தெரிஞ்சத சொன்னேன். ராத்திரி டியூட்டி முடிச்சவங்கள முதல்ல பேசி அனுப்பிடு, பேரச் சொல்லிக் கூப்பிடு, யாரையும் எல்லாருக்கும் முன்னாடி வச்சுத் திட்டாத, இப்படி ஒரு அரைமணி நேரம். போன வச்சதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரல. ஏன்னா அந்த லிஸ்ட்டோட வந்த உத்தரவ நானும் படிச்சேன். உடனடியா பொறுப்பேற்கணும்னு முதல் வரில இருக்கு, கடைசி வரில "பயிற்சி தேதி பின்னர் அறிவிக்கப்படும்"னு இருக்கு. அந்த "பின்னர்"ங்கிற வார்த்தையப் பத்தித்தான் இந்த மடல்.

எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு. நான் எஸ்ஐயா பொறுப்பு எடுத்து 14 மாசம் கழிச்சுத்தான் தலைமைப் பண்பு பயிற்சிக்குக் கூப்பிட்டீங்க. அந்த 14 மாசத்துல நடந்த ஒண்ண மட்டும் சொல்றேன், மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

என் டீம்ல ஒரு தம்பி இருந்தான், 24 வயசு, வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. ஒரு ராத்திரி ரோட்டுல பெரிய விபத்து. முதல்ல போய்ச் சேந்தது அவன்தான். நசுங்கின வண்டிக்குள்ள இருந்து ஒரு சின்னக் குழந்தைய வெளிய எடுத்தவனும் அவன்தான், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மடில வச்சுக்கிட்டு ரோட்டோரமா உக்காந்திருந்தான். குழந்தை பொழைக்கல. நான் ஸ்பாட்டுக்கு வந்தேன், போக்குவரத்த சரி பண்ணேன், ரிப்போர்ட்டுக்கு வேண்டியத எழுத வச்சேன், உடல்கள அனுப்பி வச்சேன். அவன்கிட்ட "ஸ்டேட்மென்ட் எழுதிட்டியா"ன்னு மட்டும் கேட்டேன் ஐயா. வேற ஒரு வார்த்தை கேக்கல. மறுநாள் காலைல ரோல்காலுக்கு இருபது நிமிஷம் லேட்டா வந்தான், சட்டை அயர்ன் பண்ணாம இருந்துச்சு, நான் எல்லாருக்கும் முன்னாடி வச்சு அவனத் திட்டினேன். எனக்கு மேல இருந்தவங்க என்னை எப்படி நடத்துனாங்களோ அதே மாதிரி நடத்துனேன், ஏன்னா எனக்குத் தெரிஞ்ச ஒரே தலைமை அதுதான். அவன் ஒண்ணும் சொல்லல. "சாரி சார்"னான். மூணு நாள் வந்தான், நாலாவது நாள் வரல. ரெண்டு மாசம் மெடிக்கல் லீவு போட்டான், அப்புறம் வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டான். அவங்கப்பா ஸ்டேஷனுக்கு வந்து அவன் பொருளையெல்லாம் வாங்கிட்டுப் போகும்போது "சார், எம் புள்ள ராத்திரில எந்திரிச்சு கைய கழுவிக்கிட்டே இருக்கான் சார்"னு சொன்னாரு. நான் என்ன பதில் சொன்னேன்னு இப்ப ஞாபகம் இல்ல.

14 மாசம் கழிச்சு அந்தப் பயிற்சிக்குப் போனேன். ரெண்டு நாள்தான். முதல் நாள் மத்தியானம் ஒரு மேடம் வந்து பாடம் எடுத்தாங்க, கொடூரமான சம்பவத்துக்கு அப்புறம் டீம்ல உள்ளவங்கள எப்படிக் கவனிக்கணும்னு. அடுத்த சில நாள் தூக்கம், சாப்பாடு, நேரத்துக்கு வர்றது, சட்டை துணிமணி இதுல மாற்றம் தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா தனியா கூப்பிட்டுப் பேசுங்க, தேவைன்னா டாக்டர்கிட்ட அனுப்புங்க, அது ஒண்ணும் அவமானம் இல்லன்னு நீங்களே முதல்ல சொல்லுங்கன்னு சொன்னாங்க. லேட்டா வர்றது, அயர்ன் பண்ணாத சட்டை, ரெண்டையும் போர்டுலயே எழுதினாங்க. நான் பாத்ரூம் போய்ட்டு வர்றேன்னு வெளிய வந்து அரைமணி நேரம் வராந்தாவுல நின்னேன். ஒரு மத்தியான கிளாஸ் ஐயா. அத 14 மாசம் முன்னாடி எனக்குக் குடுத்திருந்தா அந்தப் பையன் இன்னைக்கு வேலைல இருந்திருப்பானான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது, ஆனா நான் அவன அப்படித் திட்டியிருக்க மாட்டேன், அத உறுதியா சொல்வேன்.

அதனால கேக்குறேன், பொறுப்பு குடுக்குறதுக்கு முன்னாடி பயிற்சி குடுங்க.

இது சின்ன விஷயம், ஸ்டேஷன் அளவுல சமாளிச்சுக்கலாம்னு நினைக்கிறீங்களா? ஹில்ஸ்பரோ உங்களுக்குத் தெரியாததில்ல. 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர்ல ஹில்ஸ்பரோ மைதானத்துல கால்பந்து மேட்ச், 50,000 பேருக்கு மேல கூட்டம். அன்னைக்கு பந்தோபஸ்துக்கு தலைமை வகிச்ச அதிகாரி அந்தப் பதவிக்கு வந்து மூணு வாரம்கூட முடியல. வெளிய நெரிசல் தாங்காம கேட்ட தெறக்கச் சொன்னவரு, உள்ள ஏற்கனவே நெரம்பி வழிஞ்ச பகுதிக்குப் போற சுரங்கவழிய மூடச் சொல்லல. 97 பேர் செத்துப் போனாங்க. பெரிய மேட்ச் நடத்துற அனுபவம் தனக்குக் குறைவா இருந்துச்சுன்னு அவரே பல வருஷம் கழிச்சு மரண விசாரணைல சொன்னாரு. அங்க நடந்ததுக்கு இன்னும் பல காரணம் இருக்கு, அந்த ஒரு ஆள் மேலயே எல்லாத்தையும் போட முடியாது, ஆனா புதுசா வந்த ஆளுக்கு அவ்வளவு பெரிய கூட்டத்த ஒப்படைக்கலாம்னு யாரோ ஒருத்தர் மேல உக்காந்து முடிவு பண்ணாங்க இல்லையா, எனக்கு அந்தக் கையெழுத்துதான் உறுத்துது.

வேலைக்குப் புதுசா வர்ற கான்ஸ்டபிளுக்கு நாம எவ்வளவோ செய்றோம். அமெரிக்காவுல சான் ஹோசே போலீஸ்ல 1970ல புதுசா வந்த ஒரு அதிகாரி டியூட்டில இருக்கும்போது பெரிய வாகன விபத்து நடந்து, அதுக்கப்புறம் அவங்க தங்களோட பயிற்சியையே திரும்பிப் பாத்து, 1972ல களப்பயிற்சி அதிகாரி முறையக் கொண்டு வந்தாங்க. புதுசா வந்தவர் பக்கத்துல அனுபவம் உள்ள ஒருத்தர் மாசக்கணக்குல கூடவே இருந்து, தினமும் எழுத்துல மதிப்பீடு குடுத்துக்கிட்டே இருப்பாரு. அந்த முறை எத்தனையோ ஊர் போலீசுக்குப் பரவிருச்சு. நம்ம டிபார்ட்மென்ட்லயும் புதுப் பையன தனியா விடாதீங்கன்னு உத்தரவு இருக்கு. அந்தப் பையனுக்கு உத்தரவு போடப் போற புது எஸ்ஐய மட்டும் ஏன் தனியா விடுறீங்க? அவருக்கும் இது புது வேலைதானே? கான்ஸ்டபிள் வேலைல கெட்டிக்காரனா இருந்தவன் எஸ்ஐ வேலையையும் தானா செஞ்சுருவான்னு யார் சொன்னது? ரெண்டும் வேற வேற வேலை ஐயா. முன்னதுல என் கையும் காலும் வேலை செய்யணும், பின்னதுல பன்னெண்டு பேரோட கையும் காலும் என் வார்த்தைய நம்பி வேலை செய்யணும்.

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் சார்ஜென்ட், இன்ஸ்பெக்டர் பதவிக்கு ரொம்ப வருஷமா ஒரு முறை வச்சிருந்தாங்க. சட்டத் தேர்வு எழுதி பாஸ் பண்ணி, தேர்வானதுக்கு அப்புறமும் சுமார் 12 மாசம் தற்காலிகப் பதவிதான், அந்த நாள்ல வேலை பாக்குற விதத்தப் பாத்து மதிப்பிட்டு அதுக்கப்புறம்தான் நிரந்தரம். அதுலயும் குறை சொன்னவங்க உண்டு. ஆனா தேர்வு எழுதினா மட்டும் போதாது, ஆள நடத்துறதும் ஒரு வேலை, அதையும் பாத்துத்தான் முடிவு பண்ணணும்னு ஒத்துக்கிட்டாங்களே. நம்ம ப்ரமோஷன் பரீட்சைல செக்‌ஷன் நம்பரத் தவிர வேற என்ன இருக்கு? டியூட்டி போடும்போது யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாம எப்படிப் போடுறது, தப்பு பண்ணவன எப்படித் திருத்துறது, மேல இருந்து தப்பான உத்தரவு வந்தா மரியாதையா எப்படி மறுத்துச் சொல்றது, ஒரு முடிவ ஏன் எடுத்தேன்னு அன்னைக்கே எப்படி எழுதி வைக்கிறது, இதுல ஒரு கேள்வியாவது வந்திருக்கா?

ஆனா வருஷா வருஷம் எங்களோட ரகசிய அறிக்கைல "தலைமைப் பண்பு"ன்னு ஒரு கட்டம் மட்டும் இருக்கு. அதுல "நன்று"ன்னு போடுறாங்க, இல்ல "சுமார்"னு போடுறாங்க. எத வச்சுப் போட்டாங்கன்னு யாரும் எங்கள உக்கார வச்சுச் சொன்னதில்ல. சொல்லிக் குடுக்காத பாடத்துக்கு மார்க் போடுறது என்ன நியாயம்? எனக்கு ஒரு வருஷம் "சுமார்". எதுல சுமார்னு தெரிஞ்சிருந்தா அடுத்த வருஷத்துக்குள்ள திருத்தியிருப்பேன். அந்தக் கட்டத்தால என் ப்ரமோஷன் தள்ளிப் போச்சு, அது போகட்டும், அதுக்காக இத எழுதல.

கோர்சுக்கு ஆள் அனுப்புறதும் அப்படித்தான். லிஸ்ட் வரும்போதெல்லாம் ஆபீஸ் வேலைல இருக்கிற அதே பேருங்க. அவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல, அவங்களுக்கும் பயிற்சி வேணும். ஆனா ஸ்டேஷன்ல இருந்து ஒருத்தர அனுப்பச் சொன்னா "ஆள் இல்ல, பந்தோபஸ்து இருக்கு"ன்னு திருப்பி எழுதுறாங்க, நீங்களும் சரின்னு விட்டுடுறீங்க. யாரு ராத்திரியும் பகலும் ஜனங்க முன்னாடி நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் இது முதல்ல வேணும். பொம்பளப் போலீஸ் நிலைமை இன்னும் மோசம். அஞ்சு வாரம் ஆறு வாரம் தங்கிப் படிக்கணும்னா கைக்குழந்தை வச்சிருக்கவங்க எப்படிப் போவாங்க? ஒருதடவ வேணாம்னு எழுதிக் குடுத்தா அப்புறம் எந்த லிஸ்ட்லயும் அந்தப் பேர் வர்றதில்ல. அப்புறம் மேல் பதவில பெண்கள் ஏன் கம்மியா இருக்காங்கன்னு கூட்டம் போட்டுப் பேசுறோம்.

எழுத ஆரம்பிச்சா லீவு, எட்டு மணி நேர டியூட்டி, அதிகாரி வீட்டு வேலைக்குப் போற கான்ஸ்டபிள்கள்னு எங்கெங்கயோ போகுது. 22 வருஷமா சேத்து வச்சது, கொஞ்சம் அப்படித்தான் வரும், மன்னிச்சுக்கோங்க. கேக்க வந்தத விட்டு விலகிடக் கூடாது, அதனால இங்க நிறுத்திக்கிறேன்.

பெரிய கட்டடம், வெளிநாட்டு கோர்ஸ் எல்லாம் நான் கேக்கல. அமெரிக்காவுல எஃப்பிஐ 1935லயே மத்த போலீஸ் அமைப்புல இருக்கிற அதிகாரிகளுக்காக நேஷனல் அகாடமி ஆரம்பிச்சு, இப்ப பத்து வாரம் கூட்டி வச்சு சொல்லிக் குடுக்குறாங்க. நமக்கு முதல்ல ரெண்டு வாரம் போதும். ப்ரமோஷன் உத்தரவுக்கும் பொறுப்பேற்கிற நாளுக்கும் நடுவுல அந்த ரெண்டு வாரத்த வைங்க. பாடம் எடுக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் ஸ்டேஷன்ல டீம் நடத்தினவங்களா இருக்கட்டும், அவங்க பண்ண தப்பையும் மறைக்காம சொல்லட்டும், நான் அந்தத் தம்பி கதைய வந்து சொல்லத் தயாரா இருக்கேன். அப்புறம் முதல் ஆறு மாசம், புதுசா வந்தவங்களுக்கு இன்னொரு ஸ்டேஷன்ல இருக்கிற அனுபவசாலி ஒருத்தர துணையா போடுங்க. அவர் ரிப்போர்ட் எழுதுற ஆளா இருக்கக் கூடாது, ராத்திரி பத்தேகாலுக்கு போன் போட்டா எடுக்குற ஆளா இருந்தா போதும். ட்ரெயினிங் போறவங்க எடத்துக்கு ரிசர்வ்ல இருந்து ஆள் குடுங்க, இல்லன்னா எந்த இன்ஸ்பெக்டரும் விட மாட்டாரு, அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது.

"ஆள் பற்றாக்குறை, இப்ப முடியாது"ன்னு பதில் வரும்னு தெரியும். அந்தத் தம்பி போன எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு ஐயா. அவனத் தேர்வு பண்ணி, மாசக்கணக்குல ட்ரெயினிங் குடுத்து, ரெண்டு வருஷம் பழக்கினதெல்லாம் ஒரு காலைல போச்சு. பற்றாக்குறை இப்படியும்தான் வருது.

அந்தப் பொண்ணு மறுநாள் ரோல்கால் முடிச்சிட்டு போன் பண்ணுச்சு. நல்லாத்தான் போச்சாம். "ஆனா அண்ணே, ரெண்டு பேருக்குள்ள டியூட்டி தகராறு, ஒருத்தர் என்னைவிட பத்து வருஷம் சீனியர், அவர்கிட்ட எப்படிண்ணே சொல்றது?"னு அடுத்த கேள்வி. எனக்குத் தெரியல, யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கேன். இத சொல்லிக் குடுக்க வேண்டியது நீங்க.

அடுத்த லிஸ்ட் தயாராகுதுன்னு சொல்றாங்க. அந்த உத்தரவோட கடைசி வரில இருக்கிற "பின்னர்"அ எடுத்துட்டு, பயிற்சி முடிச்ச பிறகு பொறுப்பேற்க வேண்டும்னு முதல் வரில போடச் சொல்லி பணிவோட கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
22 வருஷமா இந்த யூனிஃபார்ம்ல இருக்கிற ஒரு எஸ்ஐ