அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அமெரிக்கா யாரையும் கேட்காமல் ஒரு நாட்டின் மீது குண்டு போடும்போதெல்லாம் உலகமே அதிபரைத்தான் திட்டுகிறது. நான் உங்களுக்கு எழுதுகிறேன். போரை அறிவிக்கும் அதிகாரத்தை உங்கள் அரசியல் சட்டம் உங்களிடம்தானே கொடுத்திருக்கிறது?

2001 செப்டம்பர் 14, இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மூன்றாம் நாள். தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், நடத்தியவர்கள், உதவியவர்கள், அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் என எல்லோர் மீதும் படையை ஏவ அதிபருக்கு அனுமதி கொடுத்தீர்கள். அவர்கள் யார் என்று முடிவு செய்யும் பொறுப்பும் அவருக்கே. ஆங்கிலத்தில் 60 சொற்கள் அடங்கிய ஒரே வாக்கியம். அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, முடியும் தேதியும் இல்லை. செனட்டில் 98-0. கீழவையில் 420 பேர் ஆதரவு. எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவர்தான். அவர் கேட்டது கொஞ்சம் நிதானம், கிடைத்தது கொலை மிரட்டல்.

அப்புறம் அதே அனுமதி ஏமனுக்குப் போனது, சோமாலியாவுக்குப் போனது. 2014இல் ஈராக்கிலும் சிரியாவிலும் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பின் மீது குண்டு வீசவும் அதையே நீட்டினார்கள். ஐ.எஸ்.ஸுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே, இரட்டைக் கோபுரங்களைத் தாக்கிய அல்-கொய்தா அறிவித்திருந்தது. வெள்ளை மாளிகை வக்கீல்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை! 2017இல் நைஜரில் 4 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டபோது, அங்கே ஆயிரம் வீரர்கள் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார் செனட்டர் லிண்ட்சி கிரகாம். ராணுவ விவகாரக் குழுவில் இருந்தவர் அவர்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். இந்த ஏற்பாடு உங்களுக்கு வசதியாக இருக்கிறது. ஈராக் போருக்கு 2002இல் ஆதரவாக வாக்களித்துவிட்டு 2008இல் அதிபர் வேட்பாளர் போட்டியில் ஹிலாரி கிளின்டன் பட்ட பாட்டைப் பார்த்தீர்கள். வாக்களிக்காமலே இருந்துவிட்டால் போர் ஜெயித்தால் கைதட்டலாம், சொதப்பினால் அதிபர் தலையில் கட்டலாம். ஆனால் அதிபர் தன்னிச்சையாகப் போரில் இறங்குவதைக் கட்டுப்படுத்த, 1973இல் அதிபர் நிக்சனின் வீட்டோவையே மீறிப் போர் அதிகாரச் சட்டத்தைக் கொண்டுவந்த அவை இது.

2001 அனுமதியை ரத்து செய்யுங்கள். படை அனுப்பியே ஆக வேண்டுமென்றால் எந்த நாட்டுக்கு, யார் மீது, எத்தனை மாதம் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தக் கெடு முடிந்ததும் அனுமதி தானாகக் காலாவதியாகட்டும். நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி அவைக்கு வரட்டும். அந்த வாக்கெடுப்பு குரல் வாக்காக வேண்டாம், பெயர் வாரியாக நடக்கட்டும்.